கனகமணி மட்டும் காப்பி ஆகவில்லை

வாய்க்கால்மேட்டுக்குச் சினிமா எடுக்க ஆள் வருவது புதிதல்ல. கோபி வட்டாரத்தில் எங்கே பச்சை தெரிந்தாலும் அங்கே கேமராவை நிறுத்துவார்கள், ஊரையே வேலைவெட்டி இல்லாமல் வேடிக்கை பார்க்க வைப்பார்கள், தென்னந்தோப்பு முழுக்க எச்சில் இலைகளைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வருஷம் வந்தவர்கள், கதாநாயகி வரப்பில் ஓடும்போது பின்னால் நாற்று நடும் பெண்கள் வேண்டும் என்றார்கள். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அங்கேயேதான் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கனகமணி. யாரும் கேமராவைப் பார்க்கக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், எல்லோரும் குனிந்தபடியே இருந்தார்கள், கனகமணி மட்டும் நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்து, நேராகப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவள் பார்த்தது கேமராவுக்குப் பின்னால் சைக்கிளில் போன தன் புருஷனை. டைரக்டர் ஏதோ நினைத்துக்கொண்டு அதை வெட்டாமல் விட்டுவிட்டார்.

புருஷன் சென்னியப்பன் பால் சொசைட்டியில் பாலைச் சோதித்து வாங்குகிறவன். பால்மானியைப் பாலில் மிதக்கவிட்டு, கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கிப் பார்ப்பான். தண்ணீர் கலந்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் பாலைக் கொண்டுவந்தவர்களின் கேனிலேயே திருப்பி ஊற்றிவிடுவான். ஊர்க்கவுண்டர் வீட்டுப் பாலையும் ஊற்றியிருக்கிறான், கோயில் பூசாரி வீட்டுப் பாலையும் ஊற்றியிருக்கிறான். அதனால் ஊரில் அவனோடு முகம் கொடுத்துப் பேசுகிற வீடுகள் குறைவு. அவன் திருப்பி அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் சாயங்காலம் கனகமணி உறைமோர் கேட்கிற சாக்கில் போய், பேசிச் சிரித்துவிட்டு வருவாள். பிள்ளைப்பேறு நடந்த வீடு, காய்ச்சலில் யாராவது படுத்திருக்கிற வீடு, மருமகள் கோபித்துக்கொண்டு போன வீடு, எங்கும் அவள் இருப்பாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் எந்த வீட்டிலும் பேசினதில்லை.

படம் வெளிவருவதற்குள் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. உள்ளூரிலேயே இருந்த அவளுடைய அண்ணன் துரைசாமி வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்து, கோயமுத்தூருக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாசலில் நின்றார். கனகமணி வேண்டாம் என்றாள், சென்னியப்பனும் வேண்டாம் என்றான், பச்சிலை மருந்து கொடுத்தார்கள், கார் சும்மா திரும்பிப் போனது. பிறகு சென்னியப்பனே கூட்டிப்போனபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்புகிற வழியில், எல்லோரும் கேட்க, துரைசாமி சொன்னார்:

"இனி இந்த ஆளு எம்படியேறக்கூடாது."

சென்னியப்பன் தலைகுனிந்து நடந்தான். படம் கோபியில் ஓடி முடிந்தது, அவன் போகவில்லை.

பிறகு அந்தப் படத்தின் ஒரிஜினல் சிடி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கோயமுத்தூர் போய் வாங்கிவந்தான். பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிய உறை, அதன் முதுகில் எச்சரிக்கை: இதைக் காப்பி எடுப்பது குற்றம், காப்பியைக் கண்டால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். உள்ளே, யாரும் காப்பி எடுக்க முடியாதபடி கம்பெனிக்காரர்கள் பூட்டு வேறு போட்டிருந்தார்கள். சென்னியப்பனுக்கு அது பிடித்திருந்தது. திருட்டு சிடி என்றால் அவனுக்குத் தண்ணீர்ப் பால் மாதிரி. தினமும் சொசைட்டி முடிந்து வந்து, குளித்து, டிவி முன்னால் உட்காருவான். கதாநாயகி வரப்பில் ஓடுவாள், பின்னால் கனகமணி நிமிர்ந்து சிரிப்பாள், ஒருவர் மூச்சை இழுத்து விடுகிற நேரம்தான், பாட்டு வேறு ஊருக்குப் போய்விடும். அவன் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடுவான்.

ஒருநாள் சிடி உள்ளேயே சிக்கிக்கொள்ள, பிளேயரைத் தூக்கிக்கொண்டு ஜபருல்லாவின் கடைக்குப் போனான். ஜபருல்லா பஸ் ஸ்டாண்டு முக்கில் ரிப்பேர் கடையும் சிடி கடையும் சேர்த்து நடத்துகிறவன். அவன் கடையில் ஒரிஜினல் என்று ஒரு சிடிகூடக் கிடையாது. சிக்கிய சிடியை எடுத்ததும் அவனுக்குக் கை அரித்தது. ஊர் வாய்க்கால், ஊர் வரப்பு, ஊர்ப் பெண்கள் வருகிற படம், யார்தான் வாங்கமாட்டார்கள்? கம்ப்யூட்டரில் போட்டான். பூட்டு திறக்கவில்லை. ஈரோட்டு நண்பர்களைக் கேட்டு வேறு வேறு சாப்ட்வேரெல்லாம் ஏற்றிப் பார்த்தான், கம்ப்யூட்டர் முனகியது, நின்றது, மறுபடி முனகியது. மூன்றாம் நாள் மத்தியானம், யாரோ உள்ளேயிருந்து தாழ்ப்பாளை எடுத்துவிட்ட மாதிரி, தானாகத் திறந்துகொண்டது. அந்த வாரத்துக்குள் டிவி இருக்கிற வீடெல்லாம் அந்தப் படம் போய்ச் சேர்ந்தது.

சரிசெய்த பிளேயரையும் சிடியையும் வாங்கிவந்த அன்று சாயங்காலம் சென்னியப்பன் படத்தைப் போட்டான். கதாநாயகி ஓடினாள். பெண்கள் குனிந்திருந்தார்கள். கனகமணி நின்ற இடத்தில் யாரும் இல்லை. மற்றப் பெண்கள் அந்த இடைவெளியை அப்படியே விட்டு நட்டுக்கொண்டிருந்தார்கள், சேற்றில் இரண்டு காலடிக் குழி மட்டும் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது.

அதே நேரத்தில் டெய்லர் ஸ்டீபன் வீட்டில், படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும், "அட, நம்ம கனகமணி!" என்றார்கள்.

சென்னியப்பன் கடைக்குப் போய் ஜபருல்லாவின் சட்டையைப் பிடித்தான்.

"என்றா பண்ணினே அவளை?"

"அண்ணா, ஒண்ணும் பண்ணலீங்ண்ணா, விடுங்க. காப்பிதான் எடுத்தேன். ஹீரோயின் காப்பி ஆச்சு, ஹீரோ ஆச்சு, வரப்புல நின்ன எருமைகூட ஆச்சு. அக்கா மட்டும் காப்பி ஆகலீங். அவங்களே எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"எங்கே போயிட்டா?"

"அது தெரியலீங்ண்ணா. எந்த சிடியில இருக்கறாங்களோ அந்த சிடியில இருக்கறாங்க."

சென்னியப்பன் வீட்டுக்கு வந்து, உறையின் முதுகில் இருந்த நம்பருக்குப் போன் போட்டான். இங்கே திருட்டு சிடி நடக்கிறது என்றான். பேர், ஊர், கடை எல்லாம் சொன்னான். மறுமுனையில் ஒரு பெண் நன்றி சொல்லி, ஆட்கள் வருவார்கள் என்றாள். யாரும் வரவில்லை. மாசங்கள் போயின, அவன் அதை மறந்தே போனான்.

மறப்பதற்குக் காரணம் இருந்தது. ஸ்டீபன் வீட்டில் தெரிந்த கனகமணி மறுநாள் அங்கே இல்லை, மேல்வீதியில் பேறுகால மருமகள் இருந்த வீட்டில் தெரிந்தாள். குழந்தை பிறந்து, குளிப்பாட்டிப் பெயர் வைக்கிறவரை அங்கேயே இருந்தாள். பிறகு பூசாரி வீட்டில், அவருக்கு விஷக்காய்ச்சல். பிறகு தறிக்காரர் வீட்டில், அங்கே புருஷன் பெண்டாட்டிச் சண்டை. ஒரு நேரத்துக்கு ஒரு வீடு, ஒரு சிடி. வாய்க்கால்மேட்டுக்காரர்கள் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கும்போதும் அவள் அப்படித்தானே இருந்தாள், இப்போது மட்டும் என்ன மாறிவிடப் போகிறது என்றார்கள். அவள் அடிக்கடி வரட்டும் என்று ஒரே படத்துக்கு நாலு காப்பி வாங்கி வைத்த வீடு இருந்தது, பலிக்கவில்லை. சிரிக்கிற இடத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். கதாநாயகி ஒரு காலைத் தூக்கியபடி நிற்பாள், தெறித்த சேறு காற்றில் நிற்கும், கனகமணி மட்டும் பார்த்து முடித்துவிட்டுக் குனிந்து நாற்று நட ஆரம்பித்துவிடுவாள். வந்த வீட்டில் அன்றைக்கு அவள் பேரைச் சொல்லி ஒரு டம்ளர் மோர் அதிகமாகக் கலக்கினார்கள், அதை யாராவது குடித்தார்கள். வராத வீட்டில், நம்மிடம் என்ன குறையோ என்று கொஞ்சம் மனத்தாங்கல் பட்டார்கள், அவ்வளவுதான்.

அவள் எந்த வீட்டில் இருக்கிறாளோ அந்த வீட்டிலிருந்து சென்னியப்பனுக்குச் சொல்லி அனுப்புவது என்று ஏற்பட்டது. யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. முதல் தடவை பூசாரி மனைவி ருக்குமணியே சொசைட்டிக்கு வந்து, வெறும் கேனை வைத்துக்கொண்டு நின்றாள். அன்று காலையில்தான் அவள் பாலை அவன் திருப்பி ஊற்றியிருந்தான்.

"சாயங்காலம் எங்க ஊட்டுக்கு வாங்கண்ணா. வந்திருக்குது."

அவன் போனான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகலாமா என்று தெரியாமல் நின்றான். அந்த வீட்டுக்குள் அவன் காலெடுத்து வைத்ததே இல்லை. உட்கார வைத்தார்கள், படத்தைப் போட்டார்கள், மூச்சை இழுத்து விடுகிற நேரம் பார்த்தான். பிறகு உடனே எழுந்து போக முடியாது, காப்பி வந்தது. அந்தப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று அவனுக்குத் தெரியும். குடித்தான்.

"இனிப்பு போதுங்களா?"

"போதுங் அம்மிணி."

இப்படி வீடு வீடாக அவன் போனான். காலையில் பாலைத் திருப்பி ஊற்றுவான், சாயங்காலம் அதே வீட்டில் உட்கார்ந்து கனகமணியைப் பார்ப்பான், காப்பி குடிப்பான், பேசவே தெரியாத மனுஷன் மெல்ல மெல்ல, பையன் எங்கே படிக்கிறான், மாடு எத்தனையாவது ஈத்து என்று கேட்கத் தொடங்கினான். பால்மானியை அவன் ஒரு கோடுகூட ஏமாற்றவில்லை. ஆனாலும் தண்ணீர் கலப்பது குறைந்துகொண்டே வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வருகிற ஆளிடம் காலையில் அந்தப் பாலை நீட்டக் கூச்சமாக இருக்கிறது என்றார்கள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சொல்லி அனுப்புவது நின்றது. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க எந்த வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. அவன் கேட்டால், எங்கள் வீட்டில் இல்லையே என்று உண்மையைத்தான் சொன்னார்கள், அதற்கு மேல் சொல்லாமல் கண்ணைத் தாழ்த்தினார்கள். பிறகொரு காலையில் துரைசாமி வீட்டுக் கேனில் பால்மானியை விட்டபோது அது சட்டென்று அமிழ்ந்தது. சென்னியப்பன் நிமிர்ந்து, பாலைக் கொண்டுவந்த பண்ணையாளைப் பார்த்தான். துரைசாமி தன்னை வெறுக்கலாம், ஆனால் பாலில் தண்ணீர் ஊற்றுகிற ஆள் இல்லை. அப்படியென்றால் கறப்பதைப் பார்க்க அவர் தொழுவத்தில் இல்லை. படுத்திருக்கிறார். அவர் படுத்திருந்தால் கனகமணி வேறெங்கே இருப்பாள்?

பாலைத் திருப்பி ஊற்றினான். சாயங்காலம் குளித்து, வேட்டி மாற்றி, துரைசாமி வீட்டுப் படியேறினான்.

துரைசாமி கட்டிலில் கிடந்தார். கிணற்றுப்படியில் வழுக்கி இடுப்பு எலும்பு விரிசல் விட்டிருந்தது. அவர் மனைவி தெய்வாத்தாள் சென்னியப்பனைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு சொன்னா?" என்றார் துரைசாமி, தலையைத் திருப்பாமல்.

"உங்க பால் சொல்லுச்சுங் மச்சா."

"தண்ணியா?"

"ஆமாங்."

"நாசமாப் போறவன்," என்று பண்ணையாளைத் திட்டினார். கதாநாயகி ஓடினாள். கனகமணி நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்து, சிரித்தாள். பாட்டு வேறு ஊருக்குப் போனது.

"காரை வாசல்ல நிறுத்திட்டு நின்னேன்," என்றார் துரைசாமி. "நாய் மாதிரி நின்னேன். கேட்டியா நீ?"

"கேக்கலீங்."

"ஏன் கேக்கல?"

சென்னியப்பன் கையைப் பிசைந்தான். "அவ பயந்துட்டாங் மச்சா. ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்ப மாட்டேன்னு எங்கையைப் புடிச்சுக்கிட்டா. அவளே வேண்டாங்கறப்ப நான் எப்படிச் சொல்றதுன்னு நெனச்சேன். அவ பயத்தைக் கேட்டேன், உங்களைக் கேக்கல. அடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கோணும்."

"சின்னப்புள்ளையில ஊசின்னா புளியமரத்துல ஏறிக்குவா," என்றார் துரைசாமி. "நான்தான் ஏறிப் புடிச்சு இறக்குவேன்." அவர் வாய் கோணியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அதை மறுபடி போடு மாப்ள, எனக்குக் கை எட்டல," என்றார்.

சென்னியப்பன் எழுந்து போட்டான். தெய்வாத்தாள் இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அவன் தினமும் போனான். துரைசாமியைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டியிருந்தது.

அப்போதுதான் வேன் வந்தது. காலையில், சொசைட்டி முன்னால் ஊரே கேனோடு நிற்கிற நேரத்தில், திருட்டு சிடி பிடிக்கிற இன்ஸ்பெக்டரும் கம்பெனிக்காரர் ஒருவரும் இறங்கினார்கள்.

"இங்கே சென்னியப்பன் யாருங்க? நீங்கதானே போன் பண்ணினது?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ருக்குமணி கேனைக் கீழே வைத்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்; இந்த ஆள் செய்யக்கூடியதைத்தான் செய்திருக்கிறான் என்பது மாதிரி இருந்தது, அதுதான் அவனைச் சுட்டது.

"ஆமாங், நான்தான்," என்றான் சென்னியப்பன்.

"வீடுகளையும் காட்டணும். எல்லாத்தையும் அள்ளிட்டுப் போய் நசுக்கிடுவோம், அப்பத்தான் திரும்ப முளைக்காது."

"காட்டறேனுங். டீ குடிச்சுட்டு இருங்க, பாலை அளந்துட்டு வந்தர்றேன்."

அளக்கவில்லை. பால்மானியை ஸ்டீபன் கையில் கொடுத்துவிட்டுப் பின்வழியாக வீட்டுக்கு ஓடி, கனகமணி இல்லாத தன் ஒரிஜினலை உறையோடு எடுத்துக்கொண்டு துரைசாமி வீட்டுக்குப் போனான். "மச்சா, அந்த சிடியக் குடுங்க, இதை வெச்சுக்குங்க" என்றான். துரைசாமி கையால் பிளேயரைக் காட்டினார். காப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு டீக்கடைக்குத் திரும்பி வந்து, இன்ஸ்பெக்டரோடு தெருவில் இறங்கினான்.

இன்ஸ்பெக்டர் இப்படி ஒரு ஊரைப் பார்த்ததில்லை. கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே சிடியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அந்தப் படம் மட்டுமல்ல, வீட்டிலிருந்த எல்லாப் படத்தையும், பக்திப் பாட்டையும்கூடச் சாக்கில் போட்டார்கள். அவள் துரைசாமி வீட்டில் இருப்பது ஊருக்கே தெரியும். சாக்கு சீக்கிரம் நிறைந்தால் அந்த வீட்டை யாரும் துருவமாட்டார்கள் என்று, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலே, எல்லோரும் நினைத்திருந்தார்கள். கடைசியாகத் துரைசாமி வீட்டில் கம்பெனிக்காரர் பிளேயரைத் திறந்து சிடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உறையின் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார்.

"ஒரிஜினல் சார்."

"வேற ஏதாவது வீடு பாக்கி இருக்கா?" என்று இன்ஸ்பெக்டர் சென்னியப்பனைக் கேட்டார்.

பாலில் ஒரு சொட்டுப் பொய்யைப் பொறுக்காதவன், "இல்லீங், அவ்வளவுதான்," என்றான். சட்டைக்குள் சிடியின் விளிம்பு விலாவில் அழுத்திக்கொண்டிருந்தது. புகார் கொடுத்தவனை யார் சோதிப்பார்கள்?

"ஊருக்கு உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தாப் போதும்," என்று கை கொடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் ஜபருல்லாவையும் அவன் கம்ப்யூட்டரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். ஜாமீன் கையெழுத்துப் போட சென்னியப்பனும் ஸ்டீபனும் போனார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜபருல்லா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான்.

"நீங்கதானாமே, அண்ணா."

"நான்தான். அவ காணாமப் போனன்னைக்குப் பேசினது."

"இப்ப ஜாமீனும் நீங்கதான்."

"ஆமா."

இறங்கும்போது ஜபருல்லா சென்னியப்பன் கையில் இருந்த பையை வாங்கி, தானே தூக்கிக்கொண்டு நடந்தான்.

இப்போது கனகமணி போய் இருக்க மிஞ்சிய காப்பி ஒன்றே ஒன்றுதான், அது சென்னியப்பன் வீட்டில் இருந்தது. ஊர் அதைச் சரியென்றே எடுத்துக்கொண்டது. அவனுடைய பெண்டாட்டி, அவன் வீட்டில் இருக்கிறாள், யார் என்ன சொல்ல? அவன் தினமும் போட்டுப் பார்த்தான். முதல் சில நாள் நன்றாகத்தான் சிரித்தாள். பிறகு சிரிப்பு சுருக்கமாயிற்று. நெற்றியைத் துடைத்துவிட்டு, திரையின் ஓரத்தைப் பார்த்தாள், சேற்றில் காலை மாற்றி மாற்றி வைத்தாள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி. ஒருநாள் அவனைப் பார்க்கவே இல்லை. கீழ்வீதியில் யாருக்கோ பிரசவவலி எடுத்திருப்பதாக அன்று பேச்சு இருந்தது.

சென்னியப்பன் சிடியை எடுத்துத் துணியில் சுற்றி, ஜபருல்லாவிடம் கொண்டுபோனான். ஜபருல்லா புதிதாக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டோ பிரிண்ட் மட்டும் போட்டுக்கொண்டிருந்தான்.

"காப்பி போடு," என்றான் சென்னியப்பன்.

"அண்ணா?"

"எல்லா ஊட்டுக்கும் போடு."

"மறுபடி புடிச்சா உள்ளதான் வெப்பாங்கண்ணா, என்னை."

"புடிச்சா நான் போடச் சொன்னேன்னு சொல்லு. நான் போறேன் உள்ள."

ஜபருல்லா அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

காப்பிகள் ஊருக்குள் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் சென்னியப்பன் குளித்துவிட்டு வந்து, தன் சிடியைப் போட்டான். கதாநாயகி ஓடினாள், பெண்கள் குனிந்திருந்தார்கள், சேற்றில் இரண்டு காலடிக் குழி மட்டும் இருந்தது. அவன் டிவியை அணைத்தான். சொல்லி அனுப்பட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, முதல் வீட்டுப் படலைத் தட்டினான்.

"எங்கூட்டுக்காரி இங்கெ வந்தாளுங்களா?"

"இல்லீங்களே அண்ணா. கீழ்வீதியில கேட்டுப் பாருங்க, அங்கெதான் கொழந்த பொறந்திருக்குதாமா."

"ஒரு எடத்துல இருக்கறாளா பாரு," என்று கொஞ்சம் அலுத்துக்கொண்டே, அவன் கீழ்வீதிப் பக்கம் நடந்தான்.